‘மேட் வேர்ல்ட்’: ஒரே வரிகள், இரண்டு தனிமைகள்

பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வாரத்தில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எந்தப் பாட்டு பிடிக்கும் என்பது ஒரு தேசிய விளையாட்டு. பந்தயம் கட்டுவார்கள், பத்திரிகைகள் கணிப்பு எழுதும். மணியோசையும் குழந்தைகளின் கோரஸும் வைத்து அதற்காகவே பாட்டு தயாரிக்கும் இசைக்குழுக்களும் உண்டு. 2003 டிசம்பரில் ‘தி டார்க்னெஸ்’ குழு அப்படியொரு பாட்டோடு தயாராக இருந்தது. ஜெயித்ததோ வேறு: ஒரு பியானோ, தாழ்ந்த ஒரு குரல், இறந்துபோவதாக வரும் கனவுகளைப் பற்றிய வரி. கேரி ஜூல்ஸ் பாட, மைக்கேல் ஆண்ட்ரூஸ் இசையமைத்த ‘மேட் வேர்ல்ட்’ மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது.

இன்று பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருப்பது இந்த மெதுவான வடிவம்தான். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் பாடப்படுவதும், வீடியோ கேம் விளம்பரத்தில் ஒற்றை வீரன் இடிபாடுகளுக்கு நடுவே ஓடும்போது ஒலித்ததும் இதுதான். இதன் மூல வடிவம் 1982-இல் வந்த, கால் தானாகத் தாளம் போடும் ஒரு சிந்தசைசர் பாட்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கேட்க வைத்தால் சிரித்தும் விடுவார்கள். சோகமான வரிகளை யாரோ தெரியாமல் டிஸ்கோ மெட்டில் போட்டுவிட்டதாகத் தோன்றும். நான் இங்கே அதற்கு நேரெதிராக வாதாடப் போகிறேன். இந்தப் பாட்டு அந்நியமாதலை, அதாவது உலகத்திடமிருந்தும் தன்னிடமிருந்துமே விலகிப்போன உணர்வைப் பற்றியது என்றால், அதன் பொருள் முழுசாகக் கிடைப்பது அந்த வேகமான வடிவத்தில்தான். மெதுவான வடிவம் அழகானது. ஆனால் அது வேறொன்றைப் பற்றிய பாட்டு.

முதலில் பாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் வளர்ந்த இரண்டு இளைஞர்கள் ரோலண்ட் ஓர்ஸபால், கர்ட் ஸ்மித். இருவரும் 1961-இல் பிறந்தவர்கள். ‘டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ்’ என்ற பெயரில் குழு தொடங்கினார்கள். ‘மேட் வேர்ல்ட்’ எழுதும்போது ஓர்ஸபாலுக்கு வயது பத்தொன்பதையொட்டித்தான் இருக்கும். நகரின் மையப்பகுதியில், ஒரு பிட்சா கடைக்கு மேலே இருந்த வீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு கிடாரில் போட்ட பாட்டு இது என்று அவர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்போது பிரபலமாக இருந்த டுரான் டுரான் குழுவின் துள்ளலான ஒரு பாட்டுதான் தூண்டுதலாம். அவர் பாடியபோது சரியாக வரவில்லை, ஸ்மித் பாடியதும் உட்கார்ந்துவிட்டது. முதலில் வேறொரு பாட்டின் இசைத்தட்டுக்குப் பின்பக்கமாகப் போட வைத்திருந்ததைத் தனியாக வெளியிட்டார்கள். 1982 செப்டம்பரில் வந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை ஏறியது.

அந்த ஜன்னல் முக்கியம். கீழே போகிறவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். மேலே இருப்பவன் இன்னும் அந்த ஓட்டத்தில் சேராதவன். 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பாட்டு அதைப் பற்றியதல்ல, அதற்கு முன்பே எழுதப்பட்டதும்கூட. ஆனால் அந்தத் தலைமுறைக்கு ‘வேலைக்குப் போகும் கூட்டம்’ என்பது வெளியிலிருந்து பார்க்கப்படும் காட்சியாக இருந்தது என்பதை நினைவில் வைத்தால், முதல் சரணத்தின் கோணம் புரியும். பழகிய முகங்கள், தேய்ந்துபோன இடங்கள், விடிந்ததும் தொடங்கும் அன்றாடப் பந்தயம், எங்கும் போய்ச் சேராத ஓட்டம். இது அலுவலக வாழ்க்கையில் சலித்தவனின் புலம்பல் இல்லை. சலிப்பதற்கே அவனுக்கு இன்னும் வாய்ப்பு வரவில்லை. தனக்கு அடுத்து வரப்போவதை முன்கூட்டியே பார்த்துவிட்டவனின் பார்வை அது.

அடுத்து வரும் வரிதான், என் கணக்கில், பாட்டின் உயிர்நாடி. அவர்களுடைய கண்ணாடிகள் கண்ணீரால் நிறைகின்றன, முகத்திலோ ஒரு சலனமும் இல்லை என்கிறது. கவனியுங்கள், அழுவது ‘அவர்கள்’. வழக்கமான சோகப்பாட்டில் உலகமே சிரித்துக்கொண்டிருக்கும், பாடுகிறவன் மட்டும் ஒரு மூலையில் அழுவான். ‘எல்லோரும் நல்லா இருக்காங்க, எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்பதுதான் அந்த வகைப் பாட்டின் அச்சு. இங்கே அது தலைகீழ். எல்லோருமே அழுகிறார்கள், யாருக்கும் முகம் காட்டிக்கொடுக்கவில்லை. அதைப் பார்ப்பவன் தன் தலையை மறைத்துக்கொண்டு, தன் துக்கத்தை மூழ்கடிக்க ஆசைப்படுகிறான். அதாவது அவனும் அவர்கள் செய்வதையேதான் செய்கிறான். கூட்டத்திலிருந்து அவன் வேறுபட்டவன் அல்ல. ஒரே துக்கத்தைச் சுமக்கும் ஆயிரம் பேர் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நடந்தும், அந்தத் துக்கம் அவர்களைச் சேர்த்து வைக்கவில்லை.

1959-இல் மெல்வின் சீமன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அந்நியமாதலை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார்: தன் வாழ்க்கை தன் கையில் இல்லை என்ற உணர்வு, நடப்பவற்றுக்குப் பொருளில்லை என்ற உணர்வு, நெறிகள் செல்லாக்காசு என்ற உணர்வு, சமூகத்திலிருந்து ஒதுங்கிப்போதல், கடைசியாகத் தன்னிடமிருந்தே விலகிப்போதல். இப்படிப் பட்டியல் போட்டுப் பாட்டுக்கு மதிப்பெண் கொடுப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் அந்த ஐந்தாவதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு பல்லவிக்குப் போகலாம். அங்கே பாடுகிறவன் தன் நிலைமை தனக்கு ஒருவகையில் வேடிக்கையாக இருக்கிறது என்கிறான், உடனே ஒருவகையில் வருத்தமாகவும் இருக்கிறது என்கிறான். ‘ஒருவகையில்’ என்ற அந்தத் தயக்கத்தைப் பாருங்கள். நெஞ்சு வெடிக்க அழுகிறவன் இப்படிப் பேசமாட்டான். தன் உணர்ச்சியைத் தானே எதிரில் வைத்து, இதற்கு என்ன பெயர் போடலாம் என்று யோசிக்கிறவனின் பேச்சு இது. ஜன்னலுக்கு வெளியே பார்த்த அதே கண்ணால் உள்ளேயும் பார்க்கிறான்.

அதற்கடுத்துத்தான் அந்தப் புகழ்பெற்ற வரி: தான் சாவதாக வரும் கனவுகளே தனக்கு வந்தவற்றில் சிறந்தவை. இதைத் தற்கொலை எண்ணமாகப் படிப்பவர்கள் அதிகம். இந்த இடத்தில் ஆர்தர் ஜானவ் என்ற அமெரிக்க உளவியலாளரைச் சொல்லாமல் நகர முடியாது. சின்ன வயதில் அடக்கி வைத்த வலிதான் பெரியவர்களின் மனநோய்க்கு வேர், அதை அழுது கத்தி மறுபடி அனுபவித்தால்தான் விடுதலை என்று 1970-களில் பிரபலமாகப் பேசியவர். ஜான் லெனன் 1970-இல் அவரிடம் சிகிச்சைக்குப் போனது பெரிய செய்தியானது. டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் என்ற பெயரே ஜானவின் எழுத்திலிருந்து எடுத்தது, பயத்துக்கு மாற்று கண்ணீர் என்ற பொருளில். கெட்ட கனவுகள் மனதில் தேங்கிய இறுக்கத்தை வெளியேற்றுகின்றன, கனவு எவ்வளவு கோரமோ அவ்வளவு ஆறுதல் என்பது ஜானவின் கருத்து. கர்ட் ஸ்மித்தே அந்த வரிக்கு இந்த விளக்கத்தைத் தந்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் அது சாவை விரும்பும் வரி அல்ல. பகலில் முகத்தில் சலனமில்லாமல் திரிகிறவனுக்கு, ராத்திரிக் கனவில் மட்டும் ஏதோ ஒன்று நிஜமாக நடக்கிறது என்று சொல்லும் வரி.

ஜானவின் சிகிச்சை முறைக்கு அறிவியல் ஆதாரம் பெரிதாக ஒன்றும் சேரவில்லை. பின்னாளில் அவரை நேரில் சந்தித்தபோது, தன் கொள்கையை வைத்து ஒரு இசைநாடகம் எழுதித் தர முடியுமா என்று அவர் கேட்க, இளைஞர்கள் இருவருக்கும் சப்பென்று போய்விட்டதாம். ஆனால் சிகிச்சை தவறு என்பதால் பாட்டு தவறாகிவிடாது. பாட்டுக்கு ஜானவ் கொடுத்தது மருந்து அல்ல, இரண்டாவது சரணம்.

அந்தச் சரணத்தில் காட்சி தெருவிலிருந்து சட்டென்று குழந்தைகளிடம் தாவுகிறது. என்றைக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருக்கும் பிள்ளைகள், பிறந்தநாள் வாழ்த்து, பிள்ளை என்றால் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்ற பாடம். பிறகு பள்ளியின் முதல் நாள் பதற்றம், யாருக்கும் தன்னைத் தெரியாத வகுப்பு. ஆசிரியரிடம் ‘எனக்கு என்ன பாடம்?’ என்று ஒரு கேள்வி. ஆசிரியர் பார்க்கிறார், ஆனால் அவனை ஊடுருவி அவனுக்குப் பின்னால் எதையோ பார்க்கிறார். அவன் அங்கே இல்லாத மாதிரி.

முதல் சரணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தமில்லாத இரண்டு துண்டுகள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்நியமாதலுக்கு இருபதாம் நூற்றாண்டு இரண்டு பெரிய விளக்கங்களை வைத்திருந்தது. மார்க்ஸ் 1844-இல் எழுதி, 1932-இல்தான் முழுதாக அச்சுக்கு வந்த கையெழுத்துப் பிரதிகளின்படி அதன் இடம் உழைப்பு: மனிதன் தான் செய்யும் பொருளிடமிருந்தும், செய்யும் வேலையிடமிருந்தும், மனிதத் தன்மையிடமிருந்தும், சக மனிதனிடமிருந்தும் பிரிகிறான். உளவியல் வழி வந்தவர்களைக் கேட்டால் அதன் இடம் குழந்தைப் பருவம். இந்தப் பாட்டு சரணத்துக்கு ஒன்றாக இரண்டையும் வைத்திருக்கிறது. ஆனால் வரிசையை மாற்றி வைத்திருக்கிறது. முதலில் எங்கும் போகாத பந்தயத்தைக் காட்டிவிட்டு, அப்புறம் ‘உட்கார், கேள்’ என்று பழக்கிய வகுப்பறையைக் காட்டுகிறது. தெருவில் முகத்தில் சலனமில்லாமல் போகிறார்களே, அந்த முகத்தை எங்கே கற்றார்கள் என்பதற்கு அதுவே பதில். முதல் சரணத்தில் மாடியிலிருந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன், இரண்டாவதில் யார் கண்ணுக்கும் படாதவன். இந்தத் திருப்பத்துக்காகவே பாட்டை இரண்டாவது முறை கேட்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம். வரிகளின் கடைசித் துண்டுகள் இரண்டு தடவை வருகின்றன: ‘எங்கும் போகாமல், எங்கும் போகாமல்’ என்பது போல. நாளை இல்லை என்பதும், ஊடுருவிப் பார்ப்பதும் அப்படித்தான். மெதுவான வடிவத்தில் இந்த இரட்டிப்பு பெருமூச்சாகக் கேட்கிறது. வேகமான வடிவத்தில் அதே இடம், ஊசி சிக்கிக்கொண்ட இசைத்தட்டு மாதிரி இயந்திரத்தனமாகத் திரும்புகிறது. ஒரே சொற்கள்தான். ஒன்றில் மனிதன் வருந்துகிறான், மற்றதில் மனிதனே எந்திரமாகிக்கொண்டிருக்கிறான்.

இசைக்குள் கொஞ்சம் இறங்கினால் இது இன்னும் துலங்கும். மூலப்பாட்டின் சரணம் நான்கு கார்டுகளில், அதாவது ஒன்றுசேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளில், ஓடுகிறது: எஃப் ஷார்ப் மைனர், ஏ மேஜர், இ மேஜர், பி மேஜர். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பல்லவியில் அதுவும் சுருங்கி, முதலாவதும் நான்காவதும் மட்டும் மாறி மாறி வருகின்றன. மேற்கத்திய இசையில் ‘வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்’ என்ற நிறைவைத் தருவது பெரும்பாலும் ஐந்தாம் சுரத்தின் மீது கட்டிய கார்டு. அதிலிருந்து ஆதார சுரத்துக்குத் திரும்பும்போது ஒரு வாக்கியம் முற்றுப்புள்ளியோடு முடிந்த மாதிரி இருக்கும். இந்தப் பாட்டின் சுற்றில் அந்தக் கார்டு இடம்பெறவே இல்லை. ஆட்கள் வட்டத்தில் ஓடுகிறார்கள் என்று பல்லவி சொல்வதைக் கார்டுகள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன.

அந்த பி மேஜர் இன்னும் சுவாரசியமானது. சாதாரண மைனர் அளவுகோலில் அந்த இடத்தில் பி மைனர்தான் வர வேண்டும். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், அந்த மைனர் அளவுகோல் நடபைரவி. தைவதத்தை மட்டும் சுத்தத்திலிருந்து சதுச்ருதிக்கு ஏற்றினால் கரகரப்பிரியா. மேற்கில் அதை டோரியன் என்பார்கள். ‘மேட் வேர்ல்ட்’ இந்த இரண்டாவதில் நிற்கிறது. ஒரே ஒரு சுரம் மேலே ஏறியதால் துக்கத்தின் நடுவே ஒரு வெளிச்சம் தட்டுகிறது. கமகம் இல்லாத இந்தப் பாட்டைக் கரகரப்பிரியா என்று சொன்னால் சங்கீத ரசிகர்கள் அடிக்க வருவார்கள், சுரங்களின் கணக்கைத்தான் சொல்கிறேன். பல்லவியில் வேடிக்கை, வருத்தம் என்று உணர்ச்சி ஊசலாடும் அதே நேரத்தில், கீழே சோகச் சாயலுள்ள மைனரும் வெளிச்சமான மேஜரும் ஊசலாடுகின்றன. அழுகையா சிரிப்பா என்று முடிவெடுக்காத முகம் இசையிலும் இருக்கிறது.

மூலப்பாட்டின் வீடியோவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நெப்வொர்த் மாளிகையில் எடுத்தது. கர்ட் ஸ்மித் உள்ளே ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்தபடி பாடுகிறார். வெளியே ஏரிக்கரையின் மரப்பாலத்தில் ஓர்ஸபால் தனியாக, கைகால்களை வெட்டி வெட்டி வீசி ஒரு விசித்திரமான ஆட்டம் போடுகிறார். பாட்டில் அவருக்குப் பெரிய வேலை இல்லாததால் ஆட விட்டார்களாம். அந்த ஆட்டத்தைக் கிண்டல் செய்யாதவர் குறைவு. எனக்கோ பாட்டுக்கு இதைவிடச் சரியான உரை வேறு கிடைத்ததில்லை. தாளம் அவரைப் பிடித்து ஆட்டுகிறது, அவர் தாளத்தில் இல்லாமலும் இல்லை, ஆனால் கூட ஆட யாருமில்லை. பார்ப்பவரோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

இப்போது மெதுவான வடிவத்துக்கு வருவோம். ரிச்சர்ட் கெல்லி இயக்கிய ‘டானி டார்க்கோ’ 2001 அக்டோபரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. ஒரு வீட்டின் மீது விமான எஞ்சின் விழும் கதை, செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து சில வாரங்களிலேயே. ஓடாததில் ஆச்சரியமில்லை. பிறகு டிவிடி வழியாகவும் நள்ளிரவுக் காட்சிகள் வழியாகவும் மெல்ல மெல்ல ஒரு கூட்டத்தைச் சேர்த்தது. அதன் இறுதியில்தான் ஜூல்ஸ் பாடிய ‘மேட் வேர்ல்ட்’ வருகிறது. கேமரா ஒவ்வொரு கதாபாத்திரமாக நகர்கிறது. எல்லோரும் அந்த ராத்திரியில் தூங்காமல் விழித்திருக்கிறார்கள், நினைவில் நிற்காத ஏதோ ஒன்று ஒவ்வொருவரையும் உலுக்கியிருக்கிறது. பாட்டு ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் போகிறது.

இங்கேதான் பொருள் மாறுகிறது. தனித்தனி வீடுகளில் படுத்திருப்பவர்களைப் பாட்டு ஒரே நூலில் கோக்கிறது. பார்வையாளனுக்கு அவர்கள் எல்லோர் மீதும் இரக்கம் வருகிறது. ட்ரம் மெஷினை எடுத்துவிட்டு, பியானோவை முன்னால் வைத்து, காதுக்கருகில் பேசுவது போலப் பாடியதும், உலகத்தைப் பார்த்துத் திகைத்தவன் போய், உலகத்துக்காக வருந்துகிறவன் வந்துவிட்டான். மிஷல் கோண்ட்ரி எடுத்த வீடியோவும் அப்படித்தான்: உயரமான கட்டடத்தின் மேலிருந்து கீழே பார்க்கிறோம், பள்ளிப் பிள்ளைகள் தரையில் சேர்ந்து நின்று உருவங்களாக மாறுகிறார்கள். பாட்டில் யார் கண்ணுக்கும் படாமல் போன பிள்ளைகள் இங்கே ஒன்றுகூடிப் படம் வரைகிறார்கள். அழகுதான். ஆனால் இது ஆறுதல்.

துக்கத்துக்குக் கூட்டாளி தேவை. ஒருவர் அழுதால் இன்னொருவர் தோளில் கைவைக்கலாம், பாட்டே அந்தக் கையாக இருக்கலாம். 2003 கிறிஸ்துமஸில் அத்தனை பேர் அதை வாங்கியதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அந்நியமாதல் அப்படிப்பட்டதல்ல. அது உங்களை நிறுத்தி அழவிடுவதில்லை. ஊர் எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் நீங்களும் போகிறீர்கள், தாளம் தவறுவதில்லை, ஆனால் அந்தத் தாளம் உங்களுடையது இல்லை. 1982 வடிவத்தின் ட்ரம் மெஷின் ஒரு நொடிகூட இரக்கப்படுவதில்லை. சாவுக் கனவின் வரி வரும்போதும் அதே தட்டு, பிறந்தநாள் வாழ்த்துக்கும் அதே தட்டு. நடன அரங்கில் நூறு பேர் அதற்கு ஆடியிருப்பார்கள், வரிகளைக் கவனிக்காமலேயே. பாட்டு எதைப் பற்றிப் பேசுகிறதோ அதையே கேட்பவர்களை வைத்து நடத்திக் காட்டிவிடுகிறது.

இதற்காக மெதுவான வடிவத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அது வராமல் இருந்தால் இந்த வரிகளைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் இன்னும் குறைவாகவே இருந்திருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், அதைக் கேட்ட காதோடு மூலத்துக்குத் திரும்புகிறவர்கள் அங்கே ‘உணர்ச்சி போதவில்லை’ என்கிறார்கள். பாட்டின் விஷயமே அதுதானே.

பொருள் தேடும் நமக்கெல்லாம் ஒரு சின்னக் குட்டும் இந்தப் பாட்டிலேயே இருக்கிறது. மூலத்தின் கடைசியில் ஸ்மித் புரியாத ஒரு சொல்லைப் பாடுவார். உலகத்தை விரிவாக்குவது பற்றி ஏதோ சொல்கிறார் என்று ரசிகர்கள் நினைத்தார்கள், ஜூல்ஸும் அப்படியே பாடினார். அதற்குத் தத்துவ விளக்கம் எழுதியவர்களும் உண்டு. உண்மையில் அவர் பாடியது ‘ஹலார்ஜியன் உலகம்’. ஒலிப்பதிவின்போது தயாரிப்பாளர் கிரிஸ் ஹியூஸ் விளையாட்டாகக் கற்பனை செய்த ஒரு கிரகத்தின் பெயரை வைத்து அடித்த ஜோக். ஸ்மித்தே பின்னாளில் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. அப்படிப் பார்த்தாலும் வேற்றுக் கிரகத்துக்காரனின் உலகம் என்பது இந்தப் பாட்டுக்குப் பொருந்தாமல் போகவில்லை. சரி, நானும் ஆரம்பித்துவிட்டேன்.